வீட்டுக்கு மறைக்காணி: செலவைக் கணக்கிடுவது எப்படி?

கிள்ளானில் என் அக்காள் குடும்பம் குடியிருப்பது ஒரு இரட்டை மாடி வரிசை வீட்டில். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். அங்கே வாசலில் யார் வந்து நின்றாலும் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். தாமானில் அப்படி இல்லை. காலையில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால் தெருவே காலியாகிவிடும். அதனால் நான்கு மறைக்காணிகளைப் பொருத்தினார்கள். விளம்பரத்தில் இருந்த விலை மலிவாக இருந்தது. வேலையும் ஒரே நாளில் முடிந்தது.

தீபாவளிக்குப் பேராக்கில் அத்தானின் ஊருக்குப் போய் எட்டு நாள் கழித்துத் திரும்பினார்கள். வீட்டு முன்னால் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. போலீசில் புகார் கொடுக்கும்போது பதிவைக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், பெட்டியில் இருந்தது கடைசி ஐந்தரை நாள் பதிவுதான். முதல் நாள் முதல் எல்லாவற்றிலும் மோட்டார் இல்லாத வெறும் வாசல். திருட்டு அதற்கு முன்பே நடந்துவிட்டது. அந்தப் பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிட்டது.

கேமராவில் ஒரு குறையும் இல்லை. உள்ளே வைத்த ஹார்ட் டிஸ்க் சிறியது, அவ்வளவுதான். அன்றைக்கு நூற்றைம்பது வெள்ளி கூடப் போட்டிருந்தால் திருடன் வந்த நேரமாவது தெரிந்திருக்கும்.

மறைக்காணிக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்பவர்களுக்கு ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். எத்தனை கேமரா என்பதை மட்டும் வைத்து விலை பேசினால், பணமும் போகும், பயனும் இருக்காது. குத்தகையாளரைக் கூப்பிடுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொள்ளும் முறையை இங்கே பார்ப்போம்.

முதலில் பார்க்க வேண்டியது எதை?

கேமராவின் எண்ணிக்கையை முடிவு செய்வதற்கு முன், ஒவ்வொரு இடத்திலும் என்ன தெரிய வேண்டும் என்று எழுதுங்கள். மூன்று விதமான தேவைகள் உண்டு. யாரோ வந்தார்கள், போனார்கள் என்று தெரிந்தால் போதும் என்பது ஒன்று. வந்தவர் நமக்குத் தெரிந்தவரா என்று பார்த்தவுடன் சொல்ல வேண்டும் என்பது இரண்டு. முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தைப் போலீசிடம் காட்டி அடையாளம் சொல்லும் அளவுக்குத் தெளிவு வேண்டும் என்பது மூன்று.

இந்தத் துறையில் இதற்கு ஒரு பொது அளவுகோல் இருக்கிறது. தெரிந்தவரை அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு சுமார் 125 பிக்சல் வேண்டும். தெரியாதவரின் முகத்தை உறுதியாகச் சொல்ல சுமார் 250 பிக்சல் வேண்டும்.

இதை நம் வீட்டு வாசலில் வைத்துப் பார்ப்போம். சாதாரண 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 பிக்சல் அகலம். அதை 250-ஆல் வகுத்தால் 7.7 மீட்டர் வருகிறது. அதாவது, கேமரா பார்க்கும் அகலம் 7.7 மீட்டருக்குள் இருக்கும் தூரம் வரைதான் முகம் தெளிவாக விழும். பெரும்பாலான பேக்கேஜ்களில் வருவது 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். அது சுமார் 100 டிகிரி அகலமாகப் பார்க்கும். அந்த லென்ஸில் 7.7 மீட்டர் அகலம் வருவது வெறும் மூன்று மீட்டர் தூரத்திலேயே. அதற்கு அப்பால் நிற்பவரின் முகம் மங்கல்தான்.

கார் நிறுத்துமிடத்தின் நீளமே ஆறு மீட்டர் இருக்கும். வீட்டுச் சுவரில் அந்தக் கேமராவை மாட்டினால், கேட்டுக்கு வெளியே நிற்பவரின் உருவம் தெரியும், முகம் தெரியாது. இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, 8 மெகாபிக்சல் கேமரா வாங்குவது. அதில் அதே லென்ஸில் ஆறு மீட்டர் சொச்சம் வரை முகம் கிடைக்கும். ஆனால் விலையும் கூடும், பதிவுக்கு இடமும் அதிகம் வேண்டும். இன்னொன்று, அதே 2 மெகாபிக்சல் கேமராவில் 6 மில்லிமீட்டர் லென்ஸ் கேட்பது. அது சுமார் 50 டிகிரிதான் பார்க்கும், ஆனால் எட்டு மீட்டர் வரை முகம் கிடைக்கும். பெரும்பாலும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும். இரவில் இந்தத் தூரங்கள் எல்லாம் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். முன்வாசலில் ஒரு நல்ல விளக்கு எரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஆகவே வாசலுக்கு ஒரு அகலமான கேமரா, கேட்டுக்கு ஒரு குறுகலான கேமரா, பின்சந்துக் கதவுக்கு ஒன்று, வீட்டுக்குள் மாடிப்படியைப் பார்த்து ஒன்று என்று நான்கு இருந்தால் நடுவில் உள்ள வரிசை வீட்டுக்குப் போதும். மூலை வீடு என்றால் பக்கவாட்டுச் சுவருக்கு ஒன்றோ இரண்டோ கூட வேண்டும்.

எந்த வகை வாங்குவது?

சந்தையில் மூன்று வகை உண்டு.

வைஃபை கேமரா. ஒன்றிரண்டு இடத்துக்கு மட்டும் வேண்டும் என்றால், வாடகை வீடு என்றால், அடுக்குமாடி வீடு என்றால் இதுவே போதும். நாமே மாட்டிக்கொள்ளலாம். ஆனால் வீட்டு இணையம் நின்றால் கைப்பேசியில் பார்க்க முடியாது. ஒவ்வொரு கேமராவுக்கும் பக்கத்தில் ஒரு பிளக் வேண்டும். மெமரி கார்டு கேமராவுக்குள்ளேயே இருப்பதால் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் பதிவும் போய்விடும். வாங்கும்போது சிரிம் சான்று பெற்ற பொருளா என்று பாருங்கள். வைஃபை போன்ற அலைவரிசைக் கருவிகளுக்கு நம் நாட்டில் அந்தச் சான்று கட்டாயம்.

அனலாக் வகை. கோஆக்சியல் ஒயர் வழியாக டிவிஆர் பெட்டிக்குப் போகும். விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. ஒவ்வொரு கேமராவுக்கும் படத்துக்கு ஒரு ஒயர், மின்சாரத்துக்கு ஒரு ஒயர் வேண்டும்.

ஐபி வகை. இணைய ஒயர் ஒன்றிலேயே படமும் மின்சாரமும் போகும். பதிவுப் பெட்டிக்கு என்விஆர் என்று பெயர். படம் தெளிவு, பின்னாளில் கேமரா கூட்டுவது சுலபம். விலை கொஞ்சம் கூட. இந்த ஒயருக்கு 100 மீட்டர் என்பது எல்லை. வீட்டுக்கு அது தாராளம். கோவில் வளாகம், தோட்டத்து லயன், தொழிற்சாலை என்றால் இடையில் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். அதற்கும் மின்சாரம், பெட்டி, வேலை என்று செலவு கூடும்.

ஹார்ட் டிஸ்க் கணக்கு

என் அக்காள் வீட்டில் தவறியது இங்கேதான். கணக்கு கடினம் இல்லை.

ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே விநாடிக்கு கால் மெகாபைட். ஒரு நாளில் 86,400 விநாடி. பெருக்கினால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட். நான்கு கேமராவுக்கு 86.4 ஜிகாபைட்.

- 500 ஜிகாபைட் டிஸ்க்: ஆறு நாள்கூட நிற்காது.
- 1 டெராபைட்: சுமார் பதினோரு நாள்.
- 2 டெராபைட்: சுமார் 23 நாள்.

கூடுதல் தெளிவுக்காக 4 மெகாபிட் அளவில் பதிவு செய்தால் இந்த நாட்கள் எல்லாம் பாதியாகும். எச்.265 என்ற முறையில் சுருக்கிப் பதிவு செய்யும் பெட்டி, பழைய எச்.264 முறையைவிட ஏறக்குறையப் பாதி இடத்தில் அதே தெளிவைத் தரும். அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்யும்படி வைத்தாலும் நாட்கள் கூடும்; ஆனால் தெருவைப் பார்க்கும் கேமராவில் வண்டிகள் ஓயாமல் போவதால் அதில் பெரிய மிச்சம் கிடைக்காது.

நாம் அதிகமாக வெளியூரில் தங்குவது எத்தனை நாள் என்று பாருங்கள். ஒரு வாரம் என்றால், திரும்பி வந்து புகார் கொடுத்துப் பதிவை எடுக்கும் வரை இன்னொரு வாரம் சேர்த்து, குறைந்தது இரண்டு வாரம் நிற்க வேண்டும். டிஸ்க் வாங்கும்போது கண்காணிப்புக்கென்றே செய்த டிஸ்க்கைக் கேளுங்கள். கணினியில் போடும் சாதாரண டிஸ்க் இரவு பகலாக ஓடுவதற்கு ஏற்றதல்ல.

ஒயரும் உழைப்பும்

குத்தகையாளரின் விலையில் ஆளுக்கு ஆள் அதிகம் வேறுபடுவது இந்தப் பகுதிதான். பொதுவாக ஒரு கேமராவுக்கு ஒரு பாயிண்ட் என்று கணக்கிட்டு விலை சொல்வார்கள். அந்த பாயிண்ட் விலையில் என்னென்ன அடக்கம் என்று கேட்காவிட்டால், வேலை நடக்கும் நாளில் கணக்கு ஏறும்.

வீட்டில் நாமே அளந்து பார்க்கலாம். பதிவுப் பெட்டி வைக்கப்போகும் இடத்திலிருந்து ஒவ்வொரு கேமரா வரைக்கும் சுவர் ஓரமாகவும் மேலே ஏறி இறங்கியும் அளக்க வேண்டும். நேர்க்கோட்டில் அளக்கக் கூடாது. 20 அடி அகலமும் 70 அடி நீளமும் உள்ள மனையில் கட்டிய வரிசை வீட்டில், பெட்டி மாடி அறையில் இருந்தால், கேட்டுக்கு 18 மீட்டர், வாசலுக்கு 15, பின்கட்டுக்கு 22, மாடிப்படிக்கு 10 என்று வரலாம். மொத்தம் 65 மீட்டர். வளைவுக்கும் வீணாவதற்கும் சேர்த்து 75 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலிவுப் பேக்கேஜில் ஒரு கேமராவுக்கு 15 மீட்டர் ஒயர் மட்டும் அடக்கம் என்று சிறிய எழுத்தில் இருந்தால், பின்கட்டுக் கேமராவுக்கு உறுதியாகக் கூடுதல் காசு கேட்பார்கள்.

உழைப்புக் கூலியைக் கூட்டும் மற்ற விஷயங்கள்:

- ஒயர் சீலிங்குக்கு உள்ளே போகிறதா, சுவர் மேல் டிரங்கிங்கில் போகிறதா, வெளியில் பிவிசி பைப்பில் போகிறதா. வெளியில் பைப் இல்லாமல் வெறும் ஒயர் விட்டால் வெயிலில் சில ஆண்டுகளில் வெடித்துவிடும், எலியும் கடிக்கும்.
- உயரம். இரண்டாம் மாடி வெளிச்சுவருக்கு நீண்ட ஏணியோ சாரமோ வேண்டும்.
- கான்கிரீட் தரையைத் துளைப்பது.
- பழைய கடைவீடு. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள பழைய கட்டடங்களில் சுவர் தடிமனாகவும் சீலிங்குக்கு மேல் இடம் இல்லாமலும் இருக்கும். நேரில் வந்து பார்க்காமல் சொல்லும் விலையை அங்கே நம்ப வேண்டாம்.

புதிதாக ஒரு பிளக் பாயிண்ட் போட வேண்டி வந்தால் அது மின்சார வேலை. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரோ தகுதிச் சான்று உள்ள வையர்மேனோதான் அதைச் செய்ய வேண்டும். கேமரா மாட்ட வந்த பையன் ஏற்கனவே உள்ள பிளக்கிலிருந்து ஒயரைப் பிரித்து இழுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இடியும் வெள்ளமும்

உலகிலேயே இடி மின்னல் அதிகமாக உள்ள பகுதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. வெளியே மாட்டிய கேமராவின் நீண்ட ஒயர் மின்னலின் அதிர்ச்சியை நேராகப் பெட்டிக்குள் கொண்டு வரும். ஒரு நல்ல இடியில் கேமரா, பெட்டி, சில சமயம் இணைய மோடம் எல்லாம் சேர்ந்து போகும். அதிர்ச்சித் தடுப்பான் உள்ள பிளக்கும், மின்சாரம் போனால் அரை மணி நேரமாவது தாங்கும் சிறிய யூபிஎஸ் ஒன்றும் செலவுக் கணக்கில் சேர வேண்டும். திருட வருபவன் முதலில் மெயின் சுவிட்சை அணைப்பதும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

வெள்ளம் இன்னொன்று. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி வாக்கில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளின் கீழ்த்தளத்தை மூழ்கடித்தது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். டிவி மேசைக்குக் கீழே வைத்த பதிவுப் பெட்டி அப்படிப்பட்ட நாளில் முதலில் போகும். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் பெட்டியை மாடியில் வைக்கச் சொல்லுங்கள். ஒயர் சில மீட்டர் கூடும், அவ்வளவுதான். மாடியில் உள்ள அலமாரிக்குள் பூட்டி வைத்தால் திருடன் கையில் சிக்காமலும் இருக்கும். காற்றோட்டம் மட்டும் வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு

கீழே உள்ள விலைகள் கணக்கு புரிவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. பிராண்டுக்கும் இடத்துக்கும் தகுந்தபடி மாறும். உங்களுக்கு வரும் குவோட்டேஷனில் உள்ள எண்களை இதே வரிசையில் போட்டுப் பாருங்கள். நடு வரிசையில் உள்ள இரட்டை மாடி வீடு, நான்கு ஐபி கேமரா.

- கேமரா நான்கு, ஒன்று 160 வெள்ளி வீதம்: 640
- எட்டு கேமரா வரை தாங்கும் என்விஆர்: 520
- 2 டெராபைட் கண்காணிப்பு டிஸ்க்: 330
- நான்கு பாயிண்ட், ஒயர், பைப், கூலி உட்பட 130 வீதம்: 520
- யூபிஎஸ், அதிர்ச்சித் தடுப்பான்: 300
- கைப்பேசியில் இணைத்துக் கொடுத்து, வீட்டாருக்குச் சொல்லித் தருவது: 100

கூட்டினால் 2,410 வெள்ளி. எதிர்பாராத செலவுக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் சுமார் 2,650. நிறுவனம் எஸ்எஸ்டி வரிக்குப் பதிவு பெற்றது என்றால் சொன்ன விலை வரிக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள்.

எட்டு கேமரா பெட்டியை ஏன் போட்டோம்? நான்கு கேமரா பெட்டி கொஞ்சம் மலிவுதான். ஆனால் அடுத்த ஆண்டு ஐந்தாவது கேமரா வேண்டும் என்று நினைத்தால் பெட்டியையே மாற்ற வேண்டும்.

இத்தோடு செலவு முடிந்துவிடாது. இரவில் விளக்கு எரியும் நேரத்தையும் சேர்த்துக் கேமரா ஒன்றுக்கு 6 வாட் என்றால் நான்குக்கு 24 வாட். பெட்டியும் டிஸ்க்கும் 16 வாட். மொத்தம் 40 வாட். நாள் முழுக்க, மாதம் 30 நாள் ஓடினால் 28.8 யூனிட். யூனிட்டுக்கு 45 சென் என்று வைத்தால் மாதம் சுமார் 13 வெள்ளி. உங்கள் தெனாகா பில்லில் உள்ள விலையைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ஆண்டுக் கணக்கு இப்படி வரும்: முதல் செலவு 2,650. மின்சாரம் 780. இடையில் ஒருமுறை டிஸ்க் மாற்ற 330. இரண்டு முறை ஆள் வந்து பழுது பார்க்க 120 வீதம் 240. ஆக மொத்தம் 4,000 வெள்ளி. மாதத்துக்குப் பிரித்தால் 67 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. கேமராவுக்காகவே வீட்டில் இணையம் எடுத்தாலோ, கிளவுட் சேமிப்புக்கு மாதச் சந்தா கட்டினாலோ அதையும் இதில் கூட்ட வேண்டும்.

இந்த மாதச் செலவு நம் கைக்கு அடக்கமா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அடக்கமில்லை என்றால் குறைக்க வழி உண்டு. நான்கு கேமராவுக்குப் பதில் வாசலும் பின்கதவும் மட்டும் முதலில் போடலாம். பெட்டி, டிஸ்க், ஒயர் பாதையை மட்டும் பின்னால் கூட்டும்படி அமைத்துக்கொள்ளலாம். டிஸ்க்கைக் குறைக்க வேண்டாம். பின்கதவு கிரில்லும் பூட்டும் பழையதாக இருந்தால் அந்தக் காசை முதலில் அதற்குப் போடுங்கள். கேமரா திருடனைப் பார்க்கும், தடுக்காது.

அடுக்குமாடி, தோட்டம், கோவில்

அடுக்குமாடி வீட்டில் கதவுக்கு வெளியே உள்ள சுவரும் நடைபாதையும் பொதுச் சொத்து. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் அது நிர்வாகக் குழுவின் பொறுப்பு. அங்கே துளை போடுவதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். லிஃப்ட், வண்டி நிறுத்துமிடம் போன்ற இடங்களுக்கு கேமரா வேண்டும் என்றால் ஆண்டுக் கூட்டத்தில் எழுப்பி, பராமரிப்புக் கட்டணத்திலிருந்து செய்யச் சொல்வதே முறை.

தோட்டத்து லயனில் வீடும் நிலமும் நிர்வாகத்துடையவை. பேட்டரியில் ஓடும் ஒரு கேமராவை வீட்டுக்குள் வைப்பது வேறு. கம்பம் நட்டு ஒயர் இழுப்பது வேறு. இரண்டாவதற்கு நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். லயனின் நுழைவழி ஒன்றே என்றால் அங்கே ஒரு நல்ல கேமரா வைத்து எல்லாரும் பங்கு போடுவது, வீட்டுக்கு வீடு வாங்குவதைவிட மலிவு. 6,000 வெள்ளி ஆகும் வேலையை இருபது வீடு பகிர்ந்தால் வீட்டுக்கு 300 வெள்ளி.

தாமான் நுழைவாயிலில் குடியிருப்பாளர் சங்கம் இதைச் செய்யலாம். ஆனால் பொதுச் சாலையோரத்தில் கம்பம் நடுவதற்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். கிள்ளானில் அது 2024 பிப்ரவரியில் மாநகர் தகுதி பெற்ற கிள்ளான் அரச மாநகர் மன்றம். தெனாகா கம்பத்தில் நாமாகக் கட்டக் கூடாது.

கோவில் என்றால் உண்டியல், மூலஸ்தான வாசல், அலுவலக அறை, வண்டி நிறுத்துமிடம், பின்கேட் என்று எட்டு கேமராவாவது ஆகும். கோபுரம் இருக்கும் இடத்தில் இடி பயம் கூட. அதிர்ச்சித் தடுப்பானில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பக்தர்களின் பணம் என்பதால் மூன்று குவோட்டேஷன் வாங்கிக் கூட்டக் குறிப்பில் எழுதிவிடுவது நல்லது. பின்னால் யாரும் ஒரு சொல் சொல்ல இடம் இருக்காது. உண்டியல் எண்ணும் மேசையை நேராகப் பார்த்து ஒரு கேமரா இருப்பது எண்ணுபவர்களுக்கும் பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

சொந்த வீட்டுப் பாதுகாப்புக்காக எடுக்கும் பதிவு, குடும்பத் தேவை என்ற அளவில் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து விலக்குப் பெறும். கடை, கிளினிக், டியூஷன் நிலையம் போன்ற வியாபார இடம் என்றால் அப்படி இல்லை. கேமரா இருப்பதையும் எதற்காக என்பதையும் வருபவர்களுக்குத் தெரியும்படி அறிவிப்பு வைக்க வேண்டும். அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழிலும் சேர்த்து எழுதினால் நம் வாடிக்கையாளருக்கு நல்லது. பதிவை வாட்ஸ்அப்பில் பரப்புவது வேண்டாம். சந்தேகப்பட்ட ஆளை முகத்தோடு போட்டுவிட்டு, அவர் இல்லை என்று தெரிந்தால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டின் முன்வாசலை, சன்னலை நோக்கிக் கேமரா வைக்கக் கூடாது. அப்படி வைத்ததற்காக நம் நாட்டு உயர்நீதிமன்றம் வரை போன வழக்கு உண்டு. பக்கத்து வீட்டாரின் தனிமைக்கு உரிமை உண்டு என்பதே அங்கே வந்த முடிவு. பொருத்தி முடிந்ததும் திரையைப் பக்கத்து வீட்டாருக்கே ஒருமுறை காட்டிவிட்டால் மனஸ்தாபம் வராது. அவர்கள் வாசல் படத்தில் விழுந்தால் அந்தப் பகுதியை மட்டும் மறைக்கும் வசதி பெரும்பாலான பெட்டிகளில் இருக்கிறது.

திருட்டு நடந்தால் முதலில் பெட்டியில் பதிவு அழியாதபடி தேதியைக் குறித்து, அந்த நேரத்துப் பதிவை ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு கணினி வழி வந்த பதிவை நீதிமன்றம் ஏற்க வழி செய்கிறது. திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புவதைவிடப் பெட்டியிலிருந்து நேராக எடுத்த பதிவுக்கே மதிப்பு. பெட்டியின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

குத்தகையாளரிடம் கேட்க வேண்டியவை

குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். மூவரும் நேரில் வந்து பார்த்திருக்க வேண்டும். குவோட்டேஷனில் இவை எழுத்தில் இருக்கட்டும்:

- நிறுவனத்தின் எஸ்எஸ்எம் பதிவு எண், முகவரி.
- கேமரா, பெட்டி, டிஸ்க் ஒவ்வொன்றின் பிராண்டு, மாடல் எண், கொள்ளளவு.
- ஒவ்வொரு கேமராவின் லென்ஸ் அளவு. வெளியே மாட்டுவது ஐபி66 அல்லது அதற்கு மேற்பட்ட மழைத் தாங்குதிறன் உள்ளதா.
- எத்தனை மீட்டர் ஒயர் அடக்கம். கூடினால் மீட்டருக்கு எவ்வளவு.
- எந்த அளவுத் தெளிவில் எத்தனை நாள் பதிவு நிற்கும்.
- பொருளுக்கு எத்தனை மாத வாரண்டி, வேலைக்கு எத்தனை மாதம். வாரண்டி காலத்தில் வந்து பார்க்கக் கூலி உண்டா. இடி விழுந்து போனால் வாரண்டியில் சேருமா.
- முன்பணம் எவ்வளவு. வேலை முடிந்து, இரவிலும் படம் பார்த்த பிறகே மீதிப் பணம் என்று பேசுங்கள். பகலில் நன்றாகத் தெரியும் கேமரா இரவில் சுவர் வெளிச்சம் பட்டு வெள்ளையாகப் போவது உண்டு.

வேலை முடிந்த அன்றே கடவுச்சொல்லை நீங்களே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் உலகம் முழுவதும் பல லட்சம் கருவிகளுக்குள் புகுந்தது. அவற்றில் பெரும்பங்கு, கம்பெனியில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும்தான். நிர்வாகிக் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும், பொருத்தியவர் கையில் அல்ல. பிள்ளைகளுக்குப் பார்க்க மட்டும் தனிக் கணக்கு கொடுக்கலாம்.

பணம் வாங்கிக்கொண்டு வேலையை முடிக்காமல் போனாலோ, எழுதிக் கொடுத்த பொருளுக்குப் பதில் வேறு பொருளை மாட்டினாலோ மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயத்தில் புகார் செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் கையில் குவோட்டேஷனும் ரசீதும் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சை வைத்துப் போனால் சிரமம்தான்.

பொருத்திய பிறகு

இரவில் கேமராவின் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தியும் பல்லியும் வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மெல்லிய துணியால் கண்ணாடியைத் துடையுங்கள். மாதம் ஒருமுறை, போன வாரத்துப் பதிவு ஒன்றைத் தேடி ஓட்டிப் பாருங்கள். நேரடிப் படம் தெரிகிறது என்பதால் பதிவும் ஆகிறது என்று நினைத்துவிட வேண்டாம். டிஸ்க் கெட்டுப்போனாலும் நேரடிப் படம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

என் அக்காள் பிறகு டிஸ்க்கை மட்டும் 2 டெராபைட்டுக்கு மாற்றினார். கேட்டைப் பார்க்கும் கேமராவுக்கு லென்ஸ் மாற்றினார். பெட்டி மாடிக்குப் போனது. மோட்டார் திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போகுமுன் பக்கத்து வீட்டுச் சீன அம்மாவிடம் சாவி ஒன்றைக் கொடுத்து, போலீஸ் நிலையத்திலும் வீடு பூட்டியிருப்பதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு ஒரு காசும் செலவாகவில்லை.